பாக்கி பில்லை எங்கே கேட்பது? கவுன்சில், ஆர்பிட்ரேஷன், வணிக நீதிமன்றம்

ஓர் அபார்ட்மென்ட் கட்டடத்தில் எலக்ட்ரிக்கல் வேலை எடுத்த சின்ன சப்-காண்ட்ராக்டர் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்தாயிற்று, 40 லட்சம் பாக்கி. மெயின் காண்ட்ராக்டர் ஒரு மாதம் "ஓனர் இன்னும் ரிலீஸ் பண்ணலை" என்பார், அடுத்த மாதம் "அளவுல வித்தியாசம் வருது" என்பார். வக்கீல் நோட்டீஸும் போயாயிற்று. இனி மூன்று வழிகள்: குறு, சிறு தொழில்களின் பாக்கித் தகராறுகளுக்கான ஃபெசிலிடேஷன் கவுன்சில், ஒர்க் ஆர்டரில் எழுதியிருக்கும் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரித்துத் தீர்ப்பது), வணிக நீதிமன்றம். இந்த அளவுத் தொகைக்கு நான் முதலில் பார்ப்பது கவுன்சிலைத்தான். ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை.

கவுன்சிலின் பலம் வட்டியில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன தவணை எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2025 ஜூனில் பேங்க் ரேட் 5.75 சதவீதம், மூன்று மடங்கு 17.25. அதே விகிதம் நீடித்தால் 40 லட்சம் இரண்டு வருடத்தில் 56 லட்சத்தைத் தாண்டும். 'தாமதத்துக்கு வட்டி கிடையாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தாலும் இந்தச் சட்டத்தின் முன் அது செல்லாது.

அதைவிடப் பெரிய ஆயுதம் 19-ஆம் பிரிவு. கவுன்சில் வழியில் வந்த தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 56 லட்சத்துக்கு 42 லட்சம். அசல் முழுவதும் கோர்ட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதியை வழக்கு நடக்கும்போதே நமக்குக் கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இழுத்தடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது கசக்கும்.

சரி, யாருக்குத் திறக்காது? 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்கள் சொன்னது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் கவுன்சிலுக்குப் போகலாம் என்பது நமக்குச் சாதகம். ஒப்பந்தம் போட்ட நாளிலேயே குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு (இன்று 'உத்யம்') இருக்க வேண்டும் என்பது பாதகம். சண்டை வந்த பிறகு அவசர அவசரமாக உத்யம் பதிவு எடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 2025 ஜனவரியில் என்.பி.சி.சி. வழக்கில் வேறொரு அமர்வு இந்த இரண்டாவது கருத்தைச் சந்தேகித்து, பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த நம்பிக்கையில் பதிவைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் இல்லை.

கட்டுமானக்காரர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பொருளும் வேலையும் கலந்த 'ஒர்க்ஸ் காண்ட்ராக்ட்' இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் சொல்லும் 90 நாளில் கவுன்சில் முடித்துவிடும் என்றும் யாரும் கனவு காண வேண்டாம். 2025 ஜூலையில் சோனாலி பவர் வழக்கில் வந்த தீர்ப்பையும் மனதில் வையுங்கள்: கவுன்சிலின் முதல் கட்டமான சமரசப் பேச்சுக்கு, வழக்குக்குக் கெடு வைக்கும் காலாவதிச் சட்டம் பொருந்தாது, அது முறிந்த பின் வரும் நடுவர் கட்டத்துக்குப் பொருந்தும். பழைய பில்லைத் தூசி தட்டி எடுத்துப் போனால் பாதி வழியில் நின்றுவிடலாம்.

இனி ஆர்பிட்ரேஷன். தகராறு 'காசு தரலை' என்பதோடு நிற்காமல், அளவு, டிசைன் மாற்றம், தாமதம் யாரால் என்று விரியும்போது இதுதான் பொருத்தம். எம் புக்கையும் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகம்) டிராயிங்கையும் படிக்கத் தெரிந்த ஓர் இன்ஜினியர் நடுவராக உட்கார்ந்தால் பாதி வாதம் மிச்சம். ஆனால் செலவைக் கணக்குப் போடுங்கள். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி 40 லட்சத்துக்கு நடுவர் கட்டணம் 1,57,500 ரூபாய். ஒரே நடுவர் என்றால் அதற்கு மேல் 25 சதவீதம். எதிர்த்தரப்பு 'லேட் ஆனதுக்கு நஷ்டம் 60 லட்சம்' என்று எதிர்க்கோரிக்கை வைத்தால் அதற்குத் தனிக் கட்டணம். இரண்டையும் தனித்தனியாகவே கணக்கிட வேண்டும் என்று 2022-இல் ஓ.என்.ஜி.சி. - ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

'நடுவரை எங்கள் எம்.டி. நியமிப்பார்' என்ற பழைய ஷரத்து இன்று எடுபடாது. ஒரே தரப்பு தனி நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்தது. 2025 ஏப்ரலில் இன்னொரு ஐந்து பேர் அமர்வு, நடுவர் தீர்ப்பை ரத்து செய்வதோடு நிற்காமல், குறிப்பிட்ட சில விஷயங்களில் திருத்தவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்றது. ஒரு பத்தி தவறு என்பதற்காக முழுத் தீர்ப்பும் குப்பைக்குப் போகும் ஆபத்து இதனால் குறையும். இருந்தாலும் ஜெயித்ததும் பணம் வந்துவிடாது. டெல்லி மெட்ரோ விமான நிலைய லைன் விவகாரத்தில் 2017-இல் கிடைத்த சுமார் 2,800 கோடித் தீர்ப்பு, 2024 ஏப்ரலில், உச்ச நீதிமன்றத்தின் கடைசிக் கதவான க்யூரேட்டிவ் மனு வரைக்கும் போய் அடிபட்டுப் போனது.

மத்திய அரசு வேலை எடுப்பவர்கள் 2024 ஜூன் 3 தேதியிட்ட நிதி அமைச்சகச் சுற்றறிக்கையைப் படித்துவிடுங்கள். ஆர்பிட்ரேஷனைத் தானாகச் சேர்க்காதீர்கள், வைத்தாலும் 10 கோடிக்குக் கீழான தகராறுகளோடு நிறுத்துங்கள் என்று துறைகளுக்குச் சொல்கிறது.

ஷரத்தும் இல்லை, பதிவும் இல்லை என்றால் வணிக நீதிமன்றம்தான். 3 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுமானத் தகராறு அங்கே போகும். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் 2017-இலிருந்து 3 சதவீதம். 40 லட்சத்துக்கு 1.2 லட்சம். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கென்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் தாக்கல் செய்தால் மனு தள்ளுபடி என்று 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கு முடிவு கட்டியது. இங்கே எனக்குப் பிடித்தது 120 நாள் கெடு. அதற்குள் எதிர்த்தரப்பு பதில் மனு போடாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். சாதாரண சிவில் வழக்கில் வாய்தா வாங்கிப் பழகியவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கையெழுத்தான பில்லும், பாக்கியை ஒப்புக்கொண்ட மெயிலும் கையில் இருந்தால் நான் தைரியமாக இந்த வழியைச் சொல்வேன்.

'திவால் மனு போடுவோம்' என்று மிரட்டச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அதற்குக் குறைந்தது 1 கோடி பாக்கி வேண்டும். முன்பே தகராறு இருந்ததாக எதிர்த்தரப்பு காட்டினால் அங்கேயே முடிந்தது. அதற்குப் பதில் மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டருக்கு உத்யம் எண்ணோடு ஒரு கடிதம் போடலாம். வருமான வரிச் சட்டத்தில் 43பி(ஹெச்) பிரிவு வந்ததிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். வரி கூடுகிறது என்றதும் சில பில்கள் கோர்ட் பக்கமே போகாமல் பாஸ் ஆகிவிடுகின்றன.