சுங்கை சிப்புட் பக்கம் மடிக்கணினி பழுதுபார்க்கக் கொடுப்பவர்களே, ‘97 விழுக்காடு வைரஸ்’ என்றால் நம்பாதீர்கள்

டவுனில் உள்ள ஒரு கணினிக் கடையில் என் அக்காவிடம் 230 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, இல்லாத வைரஸை எடுத்ததாகச் சொல்லி, இருந்ததையும் கெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் கதை தெரிந்துவிட்டால், அதை எந்தக் கடையில் கேட்டாலும் நீங்கள் உஷாராகிவிடலாம். அதற்காகத்தான் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அக்கா மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அவளுடையது பழைய டெல் லேட்டிடியூட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கொஞ்ச நாளாகக் காற்றாடி இரைச்சல் போட, அக்கா கடைக்குக் கொண்டுபோனார். அன்று மாலையே கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து, ‘சிஸ்டம் ஐடல் பிராசஸ்’ என்ற வரியில் 97 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். “அக்கா, இந்த வைரஸ்தான் உங்க பிராசசரை 97 பர்சென்ட் சாப்பிடுது. மூடவும் முடியல, அவ்வளவு ஸ்ட்ராங்” என்று ஒரு குரல் பதிவும் கூடவே வந்தது.

அந்த வரி வைரஸ் இல்லை. எல்லா விண்டோஸ் கணினியிலும் அது இருக்கும். செய்ய வேறு வேலை இல்லாத நேரத்தை விண்டோஸ் அந்தப் பெயரில் கணக்கு வைக்கிறது, அவ்வளவுதான். தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் வரிசையில், வேலை கிடைக்காமல் நிற்பவர்களைக் கிராணி (கணக்கர்) தனியாக எண்ணி எழுதுவது போல. 97 என்றால் பிராசசர் (கணினியின் மூளையான சில்லு) 97 விழுக்காடு நேரம் சும்மா இருக்கிறது என்று பொருள். வைரஸ் புகுந்து பிராசசரை உண்மையிலேயே தின்றால் இந்த எண் இறங்கும், ஏறாது. இதில் எனக்கு வயிறு எரிந்த இடம் ஒன்று உண்டு. அதே வரியின் வலது ஓரத்தில், விவரப் பத்தியில், பிராசசர் சும்மா இருக்கும் நேரத்தின் விழுக்காடு என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதியிருக்கும். அக்காவுக்கு வந்த படத்தில் சரியாக அந்தப் பத்தி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது.

சரி, பொய் சொல்லிக் காசு வாங்கியதோடு விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. ‘சிபியு சேவர்’ என்று ஒரு மென்பொருளை ஏற்றியிருக்கிறார்கள். பிராசசரைக் குளிர்ச்சியாக வைக்குமாம், ஒவ்வோர் ஆண்டும் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம்.

இப்படிப்பட்ட மென்பொருளுக்கு ஒரு காலத்தில் தேவை இருந்தது உண்மைதான். வேலை இல்லாதபோது பிராசசரை நிறுத்தி வைக்கும் ‘ஹால்ட்’ என்ற கட்டளை 1978-இல் வந்த இன்டெல் 8086-லேயே உண்டு. விண்டோஸ் 95 அதைப் பயன்படுத்தவில்லை. வேலை இல்லாவிட்டாலும் பிராசசர் சுற்றிக்கொண்டே இருந்து சூடாகும். அதனால் ‘ரெயின்’, ‘சிபியுஐடல்’ போன்ற சின்னச் சின்ன நிரல்களை மக்கள் தாங்களே தேடிப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அலுவலகக் கணினிகளுக்கென்று தனியாக வந்த விண்டோஸ் என்டி இந்த வேலையைத் தானே செய்தது. 2001-இல் வந்த எக்ஸ்பி தொடங்கி வீட்டுக் கணினிகளுக்கு வரும் எல்லா விண்டோஸும் அந்த என்டி பரம்பரைதான். லினக்ஸும் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். என்றைக்கோ தீர்ந்துபோன பிரச்சினைக்கு இன்றைக்கு ஒரு தோட்டத்துக் குடும்பத்திடம் சந்தா கேட்கிறார்கள்.

இப்போதைய பிராசசர்கள் ஹால்ட்டோடு நிற்பதில்லை. சும்மா இருக்கும் நேரம் நீள நீள, ‘சி-ஸ்டேட்’ எனப்படும் ஆழமான உறக்க நிலைகளுக்குப் போகின்றன. சி1-இல் கோர், அதாவது பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி, கட்டளைகளை ஓட்டாமல் நிற்கும். சி6 வரை போனால் கோர் தன் நிலையைப் பத்திரப்படுத்திவிட்டு, தனக்கு வரும் மின்சாரத்தையே ஏறக்குறைய முழுக்கத் துண்டித்துக்கொள்ளும். ஒரு விசையைத் தட்டினால், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் எழுந்துவிடும். ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கும் நேரத்தில் இப்படி எத்தனையோ தடவை தூங்கி எழும். பேட்டரி நேரம் தாங்குவதே இதனால்தான். பின்னால் ஏதாவது ஒரு நிரல் அடிக்கடி தட்டி எழுப்பிக்கொண்டிருந்தால் ஆழ்ந்த உறக்கம் வராது. அந்தச் ‘சேவர்’ செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

எல்லாவற்றையும்விட மோசமானது, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் செய்த வேலை. அக்கா மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தபோது, திரையில் எதுவும் திறந்திருக்கவில்லை, ஆனாலும் விசைப்பலகையின் இடது பக்கம் கை வைக்க முடியாத சூடு. பயாஸில் ‘சி-ஸ்டேட்ஸ் கன்ட்ரோல்’ அணைக்கப்பட்டிருந்தது. விண்டோஸில் மின்சாரச் செலவைத் தீர்மானிக்கும் பவர் பிளான் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆகியிருந்தது. பிளக்கில் வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 18 வாட் இழுத்தது. எல்லாவற்றையும் பழையபடி வைத்து, அந்த நிரலையும் நீக்கிய பிறகு 8 வாட். அப்புறம் அடி மூடியைத் திறந்தால், வெப்பம் வெளியேறும் தகட்டில் தூசி கம்பளியாக ஒட்டியிருந்தது. முதல் நாளே அதை ஊதியிருந்தால் போதும். அதை மட்டும் அவர்கள் தொடவே இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். “தம்பி, சி-ஸ்டேட்டை ஏன் அணைச்சீங்க?”

“அது இருந்தா பிராசசர் தூங்கித் தூங்கி எழும்ணே. அணைச்சாத்தான் ஸ்பீடு.”

ஒலிப்பதிவுக் கூடத்திலோ, மிகச் சிறிய தாமதமும் கூடாத செர்வரிலோ விவரம் தெரிந்தவர்கள் அதை வேண்டுமென்றே அணைப்பதுண்டு. எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் பிள்ளை பாடம் தட்டும் மடிக்கணினிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சூட்டைக் குறைக்கக் கொடுத்த கணினியில் சூட்டைக் கூட்டுவதை யாரும் சேவை என்று சொல்ல முடியாது. காசைத் திருப்பிக் கேட்டதற்கு, லைசன்ஸ் திறந்தாகிவிட்டது, முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

உங்களிடமும் இதே கதையைச் சொன்னால், கடையிலேயே டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஐடல் 97 என்றால் அங்கே பிராசசர் பயன்பாடு 3 விழுக்காட்டை ஒட்டித்தான் காட்டும். ஏற்கனவே பழுதுபார்த்து வாங்கிவந்தவர்கள், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் பிளான் ‘பேலன்ஸ்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதன் உள்ளே ‘மினிமம் பிராசசர் ஸ்டேட்’ என்ற இடம் 100 என்று இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பேலன்ஸ்டில் வழக்கமாக 5 இருக்கும். சில புதிய மாடல்களில் இந்த இடம் கண்ணில் படாது, அதற்குப் பயப்பட வேண்டாம். பயாஸைத் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள்.

ரசீதை விடாதீர்கள். அக்காவின் ரசீதில் ‘சர்வீஸ் 230’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. என்னென்ன செய்தார்கள் என்பதற்கு அந்த வாட்ஸ்அப் படமும் குரல் பதிவும்தான் எங்களிடம் உள்ள சான்று. அவற்றோடு மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மனு எழுதத் தயங்குபவர்கள் இங்கேயே கேளுங்கள், எங்கள் மனுவின் நகலைக் காட்டுகிறேன். இதே போன்ற சிவப்பு வட்டப் படம் வேறு யாருக்காவது வந்திருந்தால் தயவுசெய்து அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள். விசாரணைத் தேதி வந்ததும் எழுதுகிறேன்.