பைப்பர் ஜே-3 கப்: நீண்ட காலப் பராமரிப்பு அனுபவம்

அமெரிக்காவில் நண்பர்களாகிய நாங்கள் சிலர் பங்கு போட்டு வாங்கி, பல ஆண்டுகளாகப் பறந்துவரும் 1946ஆம் ஆண்டுத் தயாரிப்பான பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் பராமரிப்பைப் பற்றியது இப்பகிர்வு. இதில் 65 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் ஏ-65 எஞ்சினைத் தவிரச் சிக்கலான இயந்திரம் எதுவும் இல்லை. மின்சார அமைப்பே இல்லாததால் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். எனவே செலவு எஞ்சினில்தான் இருக்கும் என்று வாங்குபவர்கள் எண்ணுகிறார்கள். எங்களுக்கோ பணமும் நேரமும் அதிகம் போனது வால் பகுதியிலும், உடலைப் போர்த்திய துணிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் எஃகுக் குழாய்ச் சட்டத்திலும்தான்.

விமானம் நிற்கும் நிலையே இதற்குக் காரணம். வால் தாழ்ந்திருப்பதால், உள்ளே புகும் மழைநீரும் பனி ஈரமும் பின்னோக்கி வழிந்து, கீழ்ப்பக்க நீளக் குழாய்களை ஒட்டித் தேங்குகின்றன; துணியில் உள்ள வடிகால் துளைகள் பெயின்டாலோ தூசியாலோ அடைபட்டால் துரு உறுதி. முன்பு போர்த்திய பருத்தித் துணி சில ஆண்டுகளில் நைந்துவிடும் என்பதால், அதை மாற்றும்போதெல்லாம் எலும்புக்கூடு முழுவதும் பார்வைக்கு வந்தது. இன்றைய பாலியெஸ்டர் துணி, விமானத்தை ஹேங்கர் என்ற கொட்டகையில் நிறுத்திவைத்தால் பல பத்தாண்டுகள் உழைக்கிறது. அந்த நல்ல குணமே உள்ளே நடப்பதை அத்தனை காலமும் மறைத்துவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டு ஆய்வின்போதும் வால் அருகே உள்ள மூடிகளைத் திறந்து, விளக்கும் கண்ணாடியும் கொண்டு பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் வற்புறுத்துகிறோம். எலிக் கூடு இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். எலியின் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும் வேகம் வியப்பூட்டுவது.

இறக்கையை உடலோடு இணைத்துத் தாங்கும் ஸ்ட்ரட்டுகள் என்ற சாய்வுக் குழாய்களிலும் இதே கதைதான். பழைய ஸ்ட்ரட்டுகளின் கீழ்முனையில் ஈரம் தங்கி உட்புறம் அரிப்பதால், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முழுதும் மூடப்பட்ட புதுவகை ஸ்ட்ரட்டுகளைப் பொருத்தினால் அந்தத் தொடர் சோதனை தேவையில்லை. விலை கூடுதல்தான் என்றாலும் நாங்கள் அவற்றுக்கே மாறினோம். இந்த விமானத்துக்குச் செய்த செலவுகளில் மனநிறைவு தந்தது அதுவே.

தரையிறங்கி வேகம் குறையும்போது வால்சக்கரம் படபடவென்று உதறத் தொடங்கினால், பலர் முதலில் சக்கரத்தையே மாற்றிவிடுகிறார்கள். பல நேரங்களில் குற்றவாளி அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்தான்: அது வயதாகி வளைவை இழக்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு மாறிவிடுகிறது. ஸ்பிரிங்கின் வளைவு, பட்டைகளில் விரிசல், அவற்றைப் பிடிக்கும் போல்ட், அச்சின் தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே சக்கரத்துக்கு வர வேண்டும். புல்தரை ஓடுதளத்திலிருந்து பறப்பவர்கள் கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

முன்சக்கரங்களின் அதிர்ச்சியை ஏற்பவை துணியுறை போட்ட ரப்பர்க் கயிறுகள். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் முதலில் அவற்றையே சந்தேகிக்க வேண்டும். உறையில் ஓடும் வண்ண இழைகள் தயாரிப்பு ஆண்டைக் காட்டுவதால் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. அவற்றை மாற்றுவது உரிய கருவியின்றி இறங்கக் கூடாத வேலை. இழுவிசையில் இருக்கும் கயிறு நழுவினால் கை போய்விடும்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குறைந்த ஆக்டேன் எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதால், இன்று விமானங்களுக்குக் கிடைக்கும் 100எல்எல் என்ற உயர் ஆக்டேன் பெட்ரோலின் ஈயம் ஸ்பார்க் பிளக்குகளில் படிகிறது. தவறாமல் துடைத்தால் போதும். சைலன்சர் விரிசலை மட்டும் அலட்சியப்படுத்த முடியாது, ஏனெனில் விமானி அறையைச் சூடாக்கும் காற்று அதைச் சுற்றித்தான் வருகிறது; விரிசல் வழியே நச்சுப் புகை அதில் கலந்துவிடும்.

குதிகாலால் அழுத்தும் பழைய பிரேக்குகளுக்கு உதிரிபாகம் தேடுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. பிரேக் வலுவாக இருந்தால் மூக்கு குப்புறக் கவிழும் அபாயம் உண்டு என்பதால் பலவீனமானதே நல்லது என்று எங்களில் ஒருவர் வாதிடுவார். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. இருந்தாலும், உள்ளிருக்கும் ரப்பர்க் குழாய் அடுத்த முறை கசிந்தால் டிஸ்க் பிரேக்குக்கு மாறுவதாக முடிவு செய்திருக்கிறோம்.