‘வெல்த் மேனேஜர்’ வேலை என்று கூப்பிடுகிறார்களா? சேரும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் எம்பிஏ முடித்த கையோடு சென்னையில் ‘வெல்த் மேனேஜர்’ வேலை கிடைத்தது. தி.நகரில் ஏசி ஆபீஸ், பளபளப்பான விசிட்டிங் கார்டு. பணக்காரர்களின் முதலீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றுதான் இண்டர்வியூவில் சொன்னார்கள்.

முதல் வாரமே ஐசி-38 பரீட்சைக்குப் படிக்கச் சொன்னார்கள். அது காப்பீடு விற்பதற்கான பரீட்சை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயர், போன் நம்பர், உத்தேச வருமானம் எழுதச் சொன்னார் மேனேஜர். ‘நேச்சுரல் மார்க்கெட்’டாம். சித்தப்பா, பள்ளிக்கூட வாத்தியார், அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர் என்று 63 வரை எழுதினேன். அதற்கு மேல் ஆள் இல்லை. “உன் கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைப்ப? அவங்களை எழுது” என்றார்.

மாதம் இரண்டு லட்சம் புது பிரீமியம் டார்கெட். ஒன்றாம் தேதி ஆனால் கணக்கு மறுபடி பூஜ்யம்.

என் முதல் ‘லாகின்’, அதாவது நான் பாலிசி விற்ற முதல் ஆள், ஈரோட்டில் இருக்கும் சொந்தத் தாய்மாமா. எஃப்டி முடிந்து கையில் ஒரு லட்சம் வைத்திருந்தார். மூன்று வருஷத்தில் மகள் கல்யாணம். கூடவே வந்த மேனேஜர், “இதுவும் எஃப்டி மாதிரிதான் சார்” என்றார். உண்மையில் பத்து வருஷம் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசி. மாமா பாரத்தைப் படிக்கவே இல்லை. “மாப்ளே, எங்க கையெழுத்துப் போடணும்?” என்று மட்டும் கேட்டார். சரிபார்ப்பு போன் வந்தால் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொல்லச் சொல்லுங்கள் என்று எங்களுக்குப் பாடமே எடுத்திருந்தார்கள். நானும் மாமாவிடம் அப்படியே சொன்னேன். ஏமாந்தவன் மட்டுமல்ல நான், ஏமாற்றியவனும்தான்.

நிஜமான வெல்த் மேனேஜ்மென்ட் வேறு உலகம். அங்கே இருக்கும் என் கல்லூரி சீனியர் முதல் இரண்டு வருஷம் வாடிக்கையாளரிடம் வாயே திறக்கவில்லை. மேலே இருக்கும் சீனியர் மேனேஜர்களுக்கு ரிப்போர்ட் தயாரித்துக் கொடுத்தார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, பிஎம்எஸ் கணக்கு (நம் முதலீட்டை நிபுணர்களே நிர்வகிக்கும் சேவை) தொடங்கவே குறைந்தது 50 லட்சம் வேண்டும். என் நோட்டில் இருந்த 63 பேரில் அவ்வளவு பணத்தை மொத்தமாகப் பார்த்தவர் யாரும் இல்லை.

விற்பனை வேலை மட்டம் என்று சொல்லவில்லை. மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனியில் சேல்ஸில் இருக்கும் நண்பன் நன்றாகத்தான் இருக்கிறான். அவனிடம் சேல்ஸ் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

இண்டர்வியூவில் வெட்கப்படாமல் கேளுங்கள்: டார்கெட் எதில், நிர்வகிக்கும் சொத்து மதிப்பிலா, புது பிரீமியத்திலா? வாடிக்கையாளரைக் கொடுப்பது யார்? எந்தப் பரீட்சை எழுத வேண்டும்? மியூச்சுவல் ஃபண்ட் விற்க என்ஐஎஸ்எம் நிறுவனம் நடத்தும் 5-ஏ பரீட்சை, முதலீட்டு ஆலோசனைக்கு அதன் 10-ஏ, 10-பி. ஐசி-38 மட்டும்தான் என்றால், கார்டில் என்ன அச்சடித்திருந்தாலும் அது காப்பீடு விற்பனைதான். புதிதாகப் படித்து வந்தவரிடம் “உங்க நெட்வொர்க் எப்படி?” என்று திருப்பிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவது மாதம் நான் வெளியே வந்தேன். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் ‘ஃப்ரீ லுக்’கில் ரத்து செய்யலாம், அது எனக்கு உறைத்தபோது 41 நாள் ஆகியிருந்தது. அத்தை இன்னும் என்னிடம் பேசுவதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் போட்டோம். மாமா வரிசையாக ‘ஆமாம்’ சொன்ன அந்தப் போன் பதிவைத்தான் கம்பெனி பதிலாகக் காட்டுகிறது.