வேலூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கொடுக்கிறீர்களா? மதர்போர்டைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்

பி760 மதர்போர்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதைவிட விலை குறைந்த ஹெச்610 போர்டை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் இன்டெல் சிப்செட்டின் பெயர்கள்; போர்டில் எத்தனை ராம், எஸ்எஸ்டி போடலாம் என்பதெல்லாம் இந்தச் சிப்பைப் பொறுத்தது. கடை வேலூர் டவுனுக்குள்தான். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

மச்சான் குடியாத்தத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக ஐ5-12400 ப்ராசசரில் ஒரு சிஸ்டம் போட்டோம். இப்போதைக்கு 16 ஜிபி ராம், முகூர்த்த சீசன் பணம் வந்ததும் இன்னொரு 16, கூடவே இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி (கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகுவது) என்று திட்டம். அதற்காகவே நான்கு ராம் ஸ்லாட்டும் இரண்டு எம்.2 ஸ்லாட்டும் உள்ள பி760 போர்டாகத் தேடிப்பிடித்து, முழு மாடல் பெயரோடு வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வாங்கினேன். போர்டுக்கு மட்டும் 11,800 ரூபாய்.

வந்த கேபினட்டில் கடை ஸ்டிக்கர். "சீல் கிழிஞ்சா வாரன்டி போயிடும் சார்." போர்டு பெட்டி எங்கே என்றதற்கு, "வாரன்டிக்கு அனுப்ப வசதியா எங்ககிட்டயே இருக்கட்டும்." பில்லில் "இன்டெல் மதர்போர்டு - 1", அவ்வளவுதான்.

சிஸ்டம் நன்றாகவே ஓடியது. இந்தத் தில்லுமுல்லு செல்லுபடியாவதே அதனால்தான். இரண்டு சிப்செட்டுக்கும் ஒரே எல்ஜிஏ1700 சாக்கெட். அதே ப்ராசசர் இரண்டிலும் உட்காரும், விண்டோஸ் ஏறும், எடிட்டிங் சாஃப்ட்வேர் திறக்கும். பிறகு எதையாவது சேர்க்கப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். மச்சான் ராம் வாங்கி வந்து கேபினட்டைத் திறந்தால் ஸ்லாட்டே இரண்டுதான், இரண்டிலும் 8 ஜிபி ராம். ராமுக்கும் ப்ராசசருக்கும் நடுவே சேனல் என்கிற பாதை இரண்டு; ஹெச்610 சிப்செட்டில் ஒரு சேனலுக்கு ஒரு ராம்தான். எந்த கம்பெனி போர்டாக இருந்தாலும் பொதுவாக இரண்டு ஸ்லாட்தான். எம்.2வும் ஒன்றே ஒன்று. ப்ராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் விஆர்எம் பகுதியின் மேல் சூட்டை இறக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கூட இல்லை. வேலூர் மே மாத வெயிலில் மணிக்கணக்காக ரெண்டர் ஓடப்போகிற மெஷின் இது.

ஹெச்610 மட்டமான போர்டு என்று சொல்ல வரவில்லை. பில்லிங், டிடிபி, பிள்ளைகள் படிப்புக்கெல்லாம் அது தாராளம். ஆனால் அதை அதன் விலைக்கு விற்க வேண்டும்.

கடையில் போய்க் கேட்டால், "இன்னா சார், ரெண்டும் இன்டெல்தானே?" என்றார் முதலாளி. அப்புறம், ஸ்டாக் இல்லாததால் சமமானதைப் போட்டோம் என்றார். வாட்ஸ்அப் கொட்டேஷனைக் காட்டியதும், "பில்லுல பி760னு எழுதலியே" என்று பிளேட்டைத் திருப்பினார். கடைசியில் ஒரு கீபோர்டு, மவுஸ் செட்டை எடுத்து நீட்டினார். வேண்டாம், வித்தியாசப் பணத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அசெம்பிள் செய்யக் கொடுப்பவர்கள், பில்லில் போர்டின் முழு மாடலும் சீரியல் நம்பரும் வரும்படி கேளுங்கள். 'பி760' என்று மட்டும் எழுதினால் போதாது. அதிலேயே இரண்டு ஸ்லாட் போர்டுகளும் உண்டு, டிடிஆர்4, டிடிஆர்5 என்று ராம் வகைக்கு ஏற்பத் தனித்தனியாகவும் வருகிறது. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. பெட்டியை விடாதீர்கள். பில் போட்டால் 18% ஜிஎஸ்டி கூடும், பில்லே வேண்டாம் என்று இழுக்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் சீலைத் தொட வேண்டியதில்லை. ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' வரியில் போர்டின் மாடல் இருக்கும். கொட்டேஷனோடு ஒத்துப் பாருங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வாங்கிய பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. கொட்டேஷன் ஸ்கிரீன்ஷாட், பில், திறந்த கேபினட்டின் போட்டோ மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை போன் வரவில்லை.