சோர்ட் தேடும் பீப் பெட்டி: வாங்கலாமா?

வயரின் தோல் உரிந்து செம்பு காரின் தகரத்தில் பட்டால் அது சோர்ட். எங்கே படுகிறது என்று பீப் போட்டுக் காட்டுவதுதான் இந்தப் பெட்டி. தெஹிவளைக் கூட்டாளி ஒருத்தன் கேட்டான்: "மச்சான், உன்னட்ட இருக்கிற அந்த பீப் பெட்டி நல்லதா? பஞ்சிகாவத்தையில விலை இறங்கியிருக்கு." வாங்காதே என்றேன். ஏனென்று போனில் சொல்லி முடியாது.

வேலையில் குறை சொல்லமாட்டேன். பெட்டியின் ஒரு கிளிப் கெட்ட வயரில், மற்றது காரின் தகர பொடியில். கையில் பிடிக்கும் துண்டை வயர் ஓடும் வழியே கொண்டுபோனால் சோர்ட் வரைக்கும் கத்தும், தாண்டினால் அடங்கும். என் விட்ஸ் காரில் டெயில் லைட் பியூஸ் போடப்போட எரிந்துகொண்டிருந்தது. சீட், கார்பெட் எல்லாம் கழற்றவேண்டும் என்றார்கள் கராஜில். இந்தப் பெட்டி பின்கதவுக்குப் போகும் ரப்பர் குழாயடியில் வந்து வாயை மூடிக்கொண்டது. ரப்பரைத் தள்ளிப் பார்த்தால் நம்பர் பிளேட் லைட் வயரின் தோல் உரிந்து செம்பு தெரிகிறது. தகர விளிம்பில் கறுப்பாய் ஒரு பொட்டு. கார்பெட்டில் கைவைக்கவே இல்லை.

எரிச்சலெல்லாம் கையில் பிடிக்கும் துண்டின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சக்கரத்தால்தான். கூட்டி வைத்தால், கட்டாகச் சுற்றிய வயர்களில் பக்கத்து வயருக்கும் கத்தும், குறைத்தே ஆகவேண்டும். குறைத்துவிட்டு டேஷ்போர்டுக்குக் கீழே கையை நுழைத்தால், விரல் பட்டுத் தானாகச் சுழன்றுவிடும். பீப் அடங்கியது இடம் வந்ததாலா, சக்கரம் திரும்பியதாலா? திரும்பவும் பியூஸ் பெட்டியிலிருந்து தொடங்கு! டேப் ஒட்டிப் பார்த்தேன். வெள்ளவத்தை வெக்கைக்குப் பசை இளகிக் கையெல்லாம் பிசுபிசுப்பு.

இன்னொன்று, கூட வந்த தாளில் இல்லை: பல்புகளைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். 5 வாட் பல்ப் எரியும்போது 29 ஓம் அளவில் இருக்கும். அணைந்து ஆறியபின் அதில் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான். மல்டிமீட்டரே அதைச் சோர்ட் என்று நினைத்துக் கத்தும், இந்தப் பெட்டியைச் சொல்லவா வேண்டும்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் 21 வாட் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் கட்டி, பியூஸ் இருந்த இடத்தில் செருகி, சுவிட்சைப் போடுங்கள். சோர்ட் இருந்தாலும் ஏறத்தாழ 1.75 அம்பியர்தான் ஓடும், வயர் கருகாது. பல்ப் பளிச்சென்று எரியும். ஹார்னஸை, அதாவது கட்டாக ஓடும் வயர்களை, அங்கங்கே பிடித்து அசையுங்கள். எங்கே மங்குகிறதோ அங்கேதான் கோளாறு. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டு. ரப்பர் குழாயைப் பிடித்துத் தந்ததற்கு நாலே கொடுத்திருப்பேன், நேற்றும் அந்தச் சக்கரம் சுழன்று தொலைத்தது.