‘ஈசிஎம் போயிடுச்சு சார்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

ஈசிஎம் என்பது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. பொக்லைன், ஜேசிபி, லோடர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்புங்கள். சர்வீஸ் கம்பெனியின் பெயரும் வண்டியின் பெயரும் இதில் இருக்காது. வழக்குப் போடப் போகிறேன், அதுவரை பெயரை வெளியே விட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

எங்களுடையது 20 டன் பொக்லைன், காமன் ரெயில் இன்ஜின் (டீசல் அடிப்பதை ஈசிஎம்தான் பார்த்துக்கொள்ளும்). நானும் தம்பியும்தான் மாறி மாறி ஓட்டுகிறோம். தாராபுரம் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. காலையில் ஒரு குறையும் இருக்காது. வெயில் ஏறி இன்ஜின் நன்றாகச் சூடானதும் மானிட்டரில் ஆர்பிஎம் தாறுமாறாக ஆடும், பவர் விழும், பக்கெட் மண்ணுக்குள் இருக்கும்போதே வண்டி அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பானட்டைத் திறந்துவைத்து ஆறவிட்டால் தானாக ஸ்டார்ட் ஆகும்.

கம்பெனி ஆள் வந்து லேப்டாப்பைச் செருகினார். எஸ்பிஎன் 190, எஃப்எம்ஐ 2 என்று பழுதுக் கோடு வந்தது. “ஸ்பீடு சென்சார் சார், மாத்திடலாம்” என்றார், மாற்றினார். சென்சார் விலை, வந்துபோகும் செலவு, லேபர், ஜிஎஸ்டி எல்லாம் கொடுத்தோம். அதுவரை சண்டை இல்லை. அதே வாரம் வண்டி மறுபடி நின்றது. திரும்ப வந்தவர் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, “சென்சார் புதுசு சார், அப்ப ஈசிஎம்தான் போயிடுச்சு” என்றார். ஒன்றே முக்கால் லட்சம். டியூ தேதி நெருங்குகிறது, குட்டைக்காரர் தினமும் போன் போடுகிறார், புது ஈசிஎம் ஏறியது. கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அதே கோடு, அதே நிற்பது. இந்த முறை சொன்னது: “பம்ப்பா இருக்கும் சார்.”

அத்துடன் அவர்களை அனுப்பிவிட்டு, லாரி ஒயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரைத் தம்பி கூட்டிவந்தான். அவரிடம் லேப்டாப் கிடையாது, ஒரு மல்டிமீட்டர்தான். வண்டியைச் சூடாகும்வரை ஓட்டச் சொன்னார். நின்றதும் பேட்டரி கட்-ஆஃபை அணைத்து, சென்சார் பக்கமும் ஈசிஎம் பக்கமும் கனெக்டரைக் கழற்றினார். சென்சாரின் ஓம் (மின்தடை) சரியாக இருந்தது. ஈசிஎம் பக்கத்துப் பின் ஒன்றுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்துக்கொண்டு, “தம்பி, ஒயரை அங்கங்க ஆட்டுங்க” என்றார். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் கை போனதும் மீட்டர் கீச்சென்று கத்தியது. பிளைவீல் ஹவுசிங்கில் ஹார்னஸை (ஒயர் கட்டை) பிடித்திருக்கும் கிளாம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் போய் வெறும் தகடாக இருந்தது. அது ஒயரின் மேல்தோலை அறுத்து, உள்ளே செம்பு பச்சை பூத்துத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை வெட்டி, சால்டர் வைத்து, இரண்டு ஒயரையும் பழையபடி முறுக்கி, ஸ்லீவ் போட்டு, புது கிளாம்ப் மாட்டினார். கூலியும் சாமானும் சேர்த்து 1,500 ரூபாய். அதன்பிறகு அந்தக் கோடு வரவில்லை. ஈசிஎம் மாற்றியதும் கொஞ்ச நாள் ஓடியதே என்று கேட்டேன். “அப்ப ஹார்னஸை இழுத்துருப்பாங்க, ஒயர் கொஞ்சம் விலகி உக்காந்துருக்கும்ண்ணே” என்றார்.

எஸ்பிஎன் 190 என்பது இன்ஜின் வேகம். எஃப்எம்ஐ 2 என்றால் வரும் தகவல் சீராக இல்லை, விட்டுவிட்டு வருகிறது. அவ்வளவுதான். சென்சாரா, ஒயரா, கனெக்டரா, சென்சார் முனையில் ஒட்டிய இரும்புத்தூளா என்று அந்தக் கோடு சொல்லாது. எஃப்எம்ஐ 3, 4, 5 வந்தால் வோல்ட் கூட, குறைய, லைன் அறுந்தது என்று ஓரளவு வழி காட்டும். ஈசிஎம் உள்ளேயே கெட்டுப்போனால் பொதுவாக வருவது எஸ்பிஎன் 629, எஃப்எம்ஐ 12. என் வண்டியில் அது ஒருமுறைகூட வந்ததில்லை. லேப்டாப் வைத்திருந்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

சென்சாரில் இரண்டு சாதி உண்டு. இரண்டு ஒயர் வந்தால் பெரும்பாலும் மேக்னடிக் பிக்-அப்: உள்ளே காந்தமும் காயிலும், வெளியிலிருந்து கரண்ட் வேண்டாம். ஓம் பார்க்கலாம், செல்ஃப் அடிக்கும்போது ஏசி வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம். மீட்டரில் ஹெர்ட்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பிளைவீலில் 120 பல், ஆர்பிஎம் 800 என்றால் 1,600 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். பல்லுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி கூடினாலே சிக்னல் செத்துவிடும், அதனால் கழற்றும்போது முனையைத் துடைத்துப் பாருங்கள். மூன்று ஒயர் வந்தால் பெரும்பாலும் ஹால் சென்சார்: காந்தத்தை உணரும் சின்ன சிப், வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதில் ஓம் வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது. சப்ளை (பெரும்பாலும் 5 வோல்ட்), எர்த், சிக்னல் ஏறி இறங்குகிறதா என்ற மூன்றும்தான் கணக்கு. இன்னொன்று, மீட்டரின் தடித்த முனையைக் கனெக்டர் ஓட்டைக்குள் திணிக்க விடாதீர்கள். பின் விரிந்துபோய் அதுவே புது நோயாகும்.

ஈசிஎம் என்று யாராவது வாயைத் திறந்தால், சூடாக இருக்கும்போது ஹார்னஸை இரண்டு முனையிலிருந்தும் அளந்தாயிற்றா, எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். அளவை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் ஜாப் கார்டில் ‘ஈசிஎம் பழுது, மாற்றப்பட்டது’ என்று ஒரே வரி. பழைய ஈசிஎம்மைத் திருப்பிக் கேட்டால் “ஸ்கிராப்ல போயிடுச்சு சார்” என்கிறார் மேனேஜர். புது ஈசிஎம்மோ, புரோகிராம் ஏற்றிய எலக்ட்ரிக்கல் பார்ட்டாம், திரும்ப எடுக்க மாட்டார்களாம். பழையது நல்லது என்று நிரூபிக்க என்னிடம் இப்போது பொருளே இல்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கழற்றிய பார்ட்டை அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘இது கமர்சியல் வண்டி, நுகர்வோர் கோர்ட்டு உங்களுக்குக் கிடையாது’ என்றும் மிரட்டிப் பார்த்தார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அந்தக் கமர்சியல் தடையிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆள் வைத்து அஞ்சு வண்டி ஓட்டுகிறவருக்கு அது கஷ்டம், எங்களைப் போல் ஒரே வண்டியைச் சொந்தமாக ஓட்டுகிறவர் முயலலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். உதவி எண் 1915.

தாராபுரம், காங்கேயம், பல்லடம் பக்கம் இதேபோல் ஈசிஎம் மாற்றச் சொல்லி மாற்றியவர்கள் இருந்தால், ஜாப் கார்டையும் பில்லையும் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். எத்தனை வண்டியில் அதே ஒரே வரி எழுதியிருக்கிறார்கள் என்று வக்கீல் பார்க்க வேண்டுமாம்.