கப்பல் பட்டியலா, தேவாலயப் பதிவேடா? பழைய ஜெர்மானியக் குடும்பப் பெயர்களைத் தேடும் வழிகள்

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் வம்சாவளியைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பிலடெல்பியா துறைமுகத்தின் கப்பல் பட்டியல்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1727 முதல் கிடைக்கும் இவற்றை ஒரே ஆவணமாகக் கருதிவிடக் கூடாது. கப்பல் தலைவர் கொடுத்த பட்டியலில் ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி பெயர்கள் பதிவாயின. அதே ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்து இட்ட கையெழுத்துகள் தனிப் பட்டியல்களாக உள்ளன. இரண்டும் முரண்படும்போது கையெழுத்தையே ஏற்பது நல்லது. ஆனால் முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி இருந்தால், எழுதத் தெரியாதவருக்காக எழுத்தர் எழுதிய பெயர் அது. அந்த எழுத்துக்கூட்டலை நம்பி அதிக தூரம் போக முடியாது. பிரமாணம் எடுத்தவர்கள் 16 வயது நிரம்பிய ஆண்களே என்பதால், அப்பட்டியல்களில் பெண்களும் குழந்தைகளும் இல்லை. புறப்பட்ட ஊரின் பெயரும் பொதுவாக இருப்பதில்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பவை சொந்த ஊர்த் தேவாலயப் பதிவேடுகள். ஒரு ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரோடு ஞானப் பெற்றோரின் பெயர்களும் வருகின்றன. அவர்கள் பெரும்பாலும் உறவினர்கள் என்பதால், ஒரே ஊரில் வாழ்ந்த இரண்டு யோஹான்னஸ் முல்லர்களைப் பிரித்தறிய இதைவிட நல்ல சான்று அரிது. ஆனால் முப்பதாண்டுப் போரிலும் (1618–1648), 1689இல் பிரெஞ்சுப் படைகள் தென்மேற்கு ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியை எரித்தபோதும் பல பதிவேடுகள் அழிந்துபோயின.

எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை பாதிரியார்களும் சீராக எழுதியவர்கள் அல்லர். பாலட்டினேட் பேச்சு வழக்கில் P, B போன்ற வன்மையான, மென்மையான ஒலிகளின் வேறுபாடு மங்குவதால், ஒரே குடும்பம் பெயர் ஒரு பக்கத்தில் ‘P’ எழுத்திலும் அடுத்த பக்கத்தில் ‘B’ எழுத்திலும் தொடங்கலாம்; முல்லர் என்பவரின் மனைவி ‘முல்லரின்’ (Müllerin) என்று ‘-in’ என்னும் பெண்பால் விகுதியோடு பதிவாகியிருப்பார். அமெரிக்காவிலோ ஹூபர் ஹூவராகவும், சிம்மர்மன் (தச்சர்) அதே பொருளுள்ள கார்ப்பெண்டராகவும் மாறினார்கள்.

கணினித் தேடலில், ஒலிப்பை வைத்துப் பெயர்களைக் குறியீடாக்கும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், ‘கே’ (K) எழுத்தில் தொடங்கும் கிராஃப்டைத் தேடினால் ‘சி’ (C) எழுத்தில் தொடங்கும் கிராஃப்ட் அகப்படாது. ஜெர்மன் ஒலிகளுக்கென 1969இல் வெளியான கோலோன் ஒலிப்புமுறை இரண்டையும் ஒரே குறியீட்டில் சேர்க்கும்.

புராட்டஸ்டண்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியோன் தளத்தில் கட்டணம் உண்டு. கத்தோலிக்கப் பதிவேடுகள் பலவற்றை மாட்ரிகுலாவில் இலவசமாகப் பார்க்கலாம். ஊர் தெரியாமல் இவற்றில் இறங்குவது வீண். முதலில் பென்சில்வேனிய ஜெர்மன் சபைகளின் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும்; அங்கிருந்த ஜெர்மானியப் பாதிரியார்கள் சிலர் இறப்புப் பதிவில் பிறந்த ஊரையும் குறித்திருக்கிறார்கள்.